இரண்டு கிலோ வாங்கினால் நான்கு கிலோ

ஜவ்வாது மலையில் ஊற்றெடுக்கும் செய்யாறு கலசப்பாக்கத்தை ஒட்டி ஓடுகிறது. ரதசப்தமியன்று அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து தீர்த்தவாரிக்கு வருவது இந்த ஆற்றங்கரைக்குத்தான். மேலே மலைச்சரிவில் சாமை. கீழே சமவெளியில் நெல். சற்றுத் தள்ளி ஆரணியில் அரிசி ஆலைகள். மலைக்கு அந்தப் பக்கம் ஆம்பூரில் சீரகச் சம்பாவில் பிரியாணி மணக்கிறது. நாலு பக்கமும் தானியம் சூழ்ந்த இந்த ஊரில் நின்று யோசித்தால், காவிரியின் கடைமடையில் வாழ்ந்து மறைந்த நெல் ஜெயராமனின் அருமை இன்னும் தெளிவாகப் புரிகிறது.

ஜெயராமன் திருத்துறைப்பூண்டி வட்டாரத்துக்காரர். நுகர்வோர் இயக்கத்தின் வழியாகப் பொதுவாழ்வுக்கு வந்தவர். 2003-ல் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணைக்கு நடைபயணம் போனபோது அவரும் கூடவே நடந்தார். வழியில் விவசாயிகள் சிலர் தாங்கள் கைவிடாமல் வைத்திருந்த பழைய நெல் ரகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றைப் பெருக்கிக் காப்பாற்றும் வேலையை ஜெயராமன் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேலை இருக்கவில்லை. 1965-ல் ஆடுதுறை 27, அடுத்த ஆண்டு ஐ.ஆர்.8 என்று புது ரகங்கள் வரத் தொடங்கியதிலிருந்து, நெடுநெடுவென்று வளரும் நாட்டு நெல் ஒவ்வொன்றாக வயலை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. மிஞ்சியவை யாரோ ஒரு பெரியவரின் பிடிவாதத்தில், ஏதோ ஒரு வீட்டுக் குதிரில் கிடந்தன. ஊர் ஊராகப் போய் அவற்றைக் கேட்டு வாங்கி, 150-க்கும் அதிகமான ரகங்களை அவர் மீட்டார்.

தேடிச் சேர்த்தவர்கள் வேறு சிலரும் உண்டு. ஜெயராமனைக் கலைஞர் என்று சொல்லத் தோன்றுவது, சேர்த்ததை அவர் கொடுத்த விதத்துக்காக. 2006 முதல் ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் மே மாத வாக்கில் நெல் திருவிழா நடத்தினார். வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதைநெல், விலையில்லாமல். ஒரே நிபந்தனை: அடுத்த ஆண்டு வரும்போது நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும்.

இந்த எளிய விதிக்குள் எவ்வளவு யோசனை இருக்கிறது! ஒற்றை நாற்று முறையில் நட்டால் இரண்டு கிலோ விதை ஒரு ஏக்கருக்குப் போதும். எடுத்துப்போனவர் விதைத்தே ஆக வேண்டும். அறுத்தே ஆக வேண்டும். திரும்பி வரும் நான்கு கிலோ அடுத்த ஆண்டு இரண்டு பேருக்குப் போகும். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008-ல் திறந்த உலக விதைக் களஞ்சியம் பனிமலைக்குள் விதைகளை உறைய வைத்துக் காக்கிறது. பேரிடர் காலத்துக்கு அதுவும் வேண்டியதுதான். ஆனால் நம் வீட்டுக் கோணியில் கிடக்கும் நெல்லின் முளைப்புத்திறன் ஓரிரு ஆண்டில் தேய்ந்துவிடும். ஆண்டுதோறும் மண்ணில் விழுந்தால்தான் அது தங்கும். ஒடிசாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நெல் ரகங்களை வயலிலேயே வாழவைத்துவரும் தேபல் தேப் செய்வதும் இதே வேலையைத்தான்.

ஜெயராமன் பெயரோடு சேர்த்து நாம் சொல்லப் பழகிய ரகங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். காட்டுயானம் ஏழடி உயரம் வளரும். யானை புகுந்தாலும் தெரியாது என்பார்கள். வெள்ளம் நின்றாலும் தாக்குப்பிடிக்கும். கருங்குறுவைக்கு உமி கறுப்பு, உள்ளே அரிசி சிவப்பு. சித்த மருத்துவத்தில் அதற்குத் தனி இடம். பூங்கார் குறுகிய காலப் பயிர். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அதன் கஞ்சியைக் கொடுக்கும் வழக்கம் உண்டு. பளபளக்கும் தூயமல்லி நெல்லைக் கையில் அள்ளினால் கீழே போட மனம் வராது.

மாப்பிள்ளைச் சம்பாவைச் சமைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அவசரத்துக்கு ஆகாது. முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். ஒரு பங்கு அரிசிக்கு நான்கு பங்கு தண்ணீராவது கேட்கும். கொதி ஏறும்போது கஞ்சி செந்நிறம் கொள்ளும். வெந்த பிறகும் சோறு குழையாமல் பல்லுக்கு வேலை வைக்கும். மெல்ல மெல்லத்தான் உள்ளிருக்கும் இனிப்பு வெளிவரும். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் சின்ன வெங்காயமும் உப்பும் சேர்த்துக் குடிக்கும் நீராகாரம்தான் இந்த அரிசியின் உச்சம் என்பது இக்கட்டுரையாளரின் கட்சி. சீரகச் சம்பாவின் வாசனையை இதில் தேடக் கூடாது. அது விருந்தின் அரிசி, இது உழைப்பின் அரிசி.

ஜவ்வாது மலைக்கு வருவோம். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் மானாவாரியாகச் சாமை விதைக்கிறார்கள். மூன்று மாதத்துக்குச் சற்று முன்பின்னாக அறுப்புக்கு வந்துவிடும். ஏக்கருக்கு நான்கைந்து கிலோ விதை போதும் என்பதால், இரண்டுக்கு நான்கு என்ற ஜெயராமன் கணக்கு சாமைக்கும் அப்படியே பொருந்தும். விதையைவிடப் பெரிய சிக்கல் உமி. மணி கடுகு அளவுதான். உமியோ வழவழப்பாக இறுக ஒட்டியிருக்கும். உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, நொய்யைப் பிரித்தெடுப்பதற்குள் பெண்களின் தோள் கழன்றுவிடும். ரேஷன் அரிசி வந்ததும் மலைவீடுகளில் சாமைச்சோறு குறைந்ததற்கு இந்தப் பாடும் ஒரு காரணம்.

2018-ல் மத்திய அரசு சிறுதானியங்களை ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று அறிவித்தது. 2023 ஐ.நா.வின் சர்வதேசச் சிறுதானிய ஆண்டானது. திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் புதிய சாமை ரகத்தையே தந்திருக்கிறது. நல்ல காரியங்கள்தான். ஆனாலும் மலையிலேயே ஓடும் ஒரு உமி நீக்கும் இயந்திரம், இந்த அறிவிப்புகளைவிட அதிகமாகச் சாமையைத் தட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும்.

2018 டிசம்பர் 6 அன்று புற்றுநோய் ஜெயராமனைக் கொண்டுபோனது. வயது 50. பிளஸ் 2 தாவரவியல் பாடநூலில் இன்று அவர் இருக்கிறார். 2021-ல் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, மரபுசார் நெல் ரகங்களைக் காக்கும் இயக்கத்துக்கு அவர் பெயரை வைத்தது.

அந்த இயக்கம் அடுத்து எட்டிப்பார்க்க வேண்டிய இடம் ஆலை. பெரிய அரிசி ஆலைகள் லோடு கணக்கில் நெல் கேட்பவை. அரை ஏக்கரில் விளைந்த நான்கு மூட்டைக் காட்டுயானத்தோடு போனால் அங்கே அரைக்க வழியில்லை. அப்படியே அரைத்தாலும் பட்டை தீட்டி வெள்ளையாக்கிவிட்டால் சிவப்பரிசி என்ற பெயருக்கே பொருள் போய்விடும். ரப்பர் உருளையில் உமியை மட்டும் கழற்றி, தவிட்டை விட்டுவைக்கும் சிற்றாலைதான் இதற்குச் சரி. கலசப்பாக்கம் மாதிரியான மலையடிவார ஊர்களில் அத்தகைய ஆலையும், பக்கத்திலேயே சாமைக்கான இயந்திரமும் இருந்தால், மலையிலிருந்து இறங்கும் மூட்டையும் வயலிலிருந்து வரும் மூட்டையும் ஒரே கூரையின் கீழ் அரிசியாகி அன்றைக்கே வீடு திரும்பலாம்.