முறுக்கின் ருசி

ஈர வேட்டியைப் பிழிந்திருப்பீர்கள். இரண்டு கைகளும் எதிரெதிராகத் திரும்பினால்தான் துணி முறுக்கேறும். இரண்டையும் ஒரே பக்கம் திருப்பினால் வேட்டி சும்மா உருளும். ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. காரின் அடிவயிற்றில், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே குறுக்காகக் கிடக்கும் எஃகுக் கம்பி ஒன்றுக்குத் தெரிந்த வித்தை இவ்வளவுதான். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறும்போது அது தன் ரப்பர் புஷ்ஷுக்குள் உருண்டுகொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும். வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்ந்தால் ஒரு சக்கரம் மேலே போகும், மற்றது கீழே இறங்கும்; அப்போது கம்பி பிழிபடும். பிழிபட மறுத்துத் திமிறும். அந்தத் திமிறல்தான் சாய்வைக் குறைக்கிறது.

ஆன்டி ரோல் பார் என்று பிரிட்டிஷ்காரர்களும் ஸ்வே பார் என்று அமெரிக்கர்களும் சொல்வதை நம் ஒர்க்‌ஷாப்களில் ஸ்டெபிலைசர் என்பார்கள். கனடாவின் ஃபிரெடெரிக்டன் நகரைச் சேர்ந்த ஸ்டீஃபன் கோல்மன் என்பவர் 1919 ஏப்ரல் 22 அன்று இதற்குக் காப்புரிமை வாங்கினார். நூறாண்டு தாண்டியும் அடிப்படை மாறவில்லை. எண்ணெய் கிடையாது, சீல் கிடையாது, வயர் கிடையாது. ஒரே கம்பி; இரு நுனியும் கைபோல மடங்கி, தட்டையாக்கப்பட்டு, ஆளுக்கொரு ஓட்டை. முதன்முதலாக ஒன்றை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தபோது ‘இந்தக் கம்பிக்கா இவ்வளவு காசு’ என்றுதான் எனக்கும் தோன்றியது.

காசு தடிமனில் இருக்கிறது. முறுக்குக்கு எதிரான விறைப்பு, கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மில்லிமீட்டர் பாரை எடுத்துவிட்டு 22 போட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விறைப்போ 46 சதவீதம் கூடிவிடும். 24 போட்டால் இரண்டு மடங்குக்கும் மேல். இதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் இன்னொரு அழகு கிடைக்கிறது. கம்பியின் நடுவே பாதி விட்டத்துக்குத் துளை விட்டால் எடையில் கால் பங்கு போய்விடும். விறைப்பில் போவது பதினாறில் ஒரு பங்குதான். நல்ல பந்தயக் கார்களில் பார் குழலாக இருப்பது இதனால்தான். கையின் நீளத்துக்கும் இதில் பங்கு உண்டு. நுனியில் இரண்டு மூன்று ஓட்டைகள் போட்ட பாரில், பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்க் ராடை உள் ஓட்டைக்கு மாற்றினால் கை குட்டையாகி விறைப்பு ஏறும். ஒரு ஸ்பேனர் போதும், பத்து நிமிட வேலை.

இனி சொல்லப்போவதைத்தான் பார் விற்பவர்கள் சொல்வதில்லை. பாரால் சாலைப் பிடிமானம் ஓர் அணுவும் கூடாது. வளைவில் உட்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு எவ்வளவு பாரம் மாறும் என்பதை காரின் எடை, புவியீர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களின் இடைவெளி, திரும்பும் வேகம் ஆகியவை தீர்மானிக்கின்றன. பாருக்கு அதில் ஏறக்குறைய பேச்சே இல்லை. அந்தப் பாரத்தை முன் அச்சு எவ்வளவு வாங்கிக்கொள்வது, பின் அச்சு எவ்வளவு வாங்கிக்கொள்வது என்று பங்கு பிரிப்பது மட்டும்தான் அதன் வேலை. பாகப்பிரிவினை செய்து வைக்கும் நாட்டாமை. புதிதாக ஒரு சென்ட் நிலமும் அவரால் தர முடியாது.

பங்கு பிரிப்பதில் என்ன வந்துவிடும்? டயரின் குணம் வரும். பாரம் ஏற ஏறப் பிடிமானமும் ஏறும், ஆனால் அதே விகிதத்தில் ஏறாது. நுகத்தடியில் இரண்டு மாடும் சமமாக இழுத்தால் வண்டி சுகமாகப் போகும். ஒரு மாடு துவண்டு மற்றதன் தலையில் முழுப் பாரமும் விழுந்தால், அந்த ஒற்றை மாடு எவ்வளவு திமிறினாலும் ஜோடியின் மொத்த இழுவை குறைந்துவிடும். எந்த அச்சில் பாரைத் தடிப்பாக்குகிறீர்களோ அந்த அச்சின் வெளிமாட்டின் மீது பாரம் ஏறுகிறது. அந்த அச்சு தன் பிடியில் கொஞ்சம் இழக்கிறது. எதிர் அச்சுக்கு நிம்மதி. முன்னால் தடித்த பார் போட்டால் கார் மூக்கைத் திருப்ப மறுத்து நேரே போகப் பார்க்கும்: அண்டர்ஸ்டியர். பின்னால் போட்டால் வால் வெளியே வரப் பார்க்கும்: ஓவர்ஸ்டியர். முன்பக்க நோய்க்குப் பின்பக்கம் மருந்து, பின்பக்க நோய்க்கு முன்பக்கம் மருந்து. இந்தத் தலைகீழ் வைத்தியம்தான் எனக்கு இந்தக் கம்பியின் மீது ஆசை வரக் காரணம்.

இதற்கு மோட்டார் வரலாற்றிலேயே பெரிய சாட்சி செவ்ரோலே கார்வேர். 1960 மாடலாக வந்த அமெரிக்கக் கார். காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சின் பின்னால். பின் அச்சோ ஸ்விங் ஆக்ஸில். எல்லை மீறித் திருப்பினால் பின்சக்கரங்கள் உட்பக்கமாக மடங்கிக்கொள்ளும் சுபாவம் அதற்கு. பின்கனமான இப்படியொரு காருக்கு முன்னால் ஒரு பார் வேண்டும் என்பது பாலபாடம். செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டார்கள். பதிலுக்கு டயர் காற்றை வைத்துச் சமாளித்தார்கள்: முன்னால் 15 பி.எஸ்.ஐ., பின்னால் 26. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? 1964 மாடலில் முன் பார் எல்லாக் கார்களிலும் வந்துவிட்டது, பின்னால் குறுக்கே ஒரு பட்டை வில்லும் சேர்ந்தது. 1965இல் பின் சஸ்பென்ஷனே புதிது. ஆனால் அதே 1965இல் ரால்ஃப் நேடரின் ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயமே பழைய கார்வேர்தான். அந்தக் காலத்து மற்றக் கார்களைவிட அது மோசமில்லை என்று 1972இல் அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு சொன்னது. சொல்லி என்ன? 1969இலேயே உற்பத்தி நின்றுபோயிருந்தது.

நம் ஊர்ச் சிறிய கார்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன்சக்கரம். திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்று முன் டயர்களே முழுக் குடும்பத்தையும் சுமக்கும்போது பின் டயர்கள் சம்பந்தி வீட்டார் போல உட்கார்ந்திருக்கும். கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறார்கள். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் சாதாரண ஓட்டுநருக்கு, வால் சுழலும் காரைவிட மூக்கு நேரே போகும் கார் பத்திரம். ரசிகனுக்குத்தான் அலுப்பு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் முன் டயர்கள் ‘கீச்’ என்று முனகுவதைக் கேட்டால் அந்த அலுப்பு என்னவென்று புரியும். பின்னால் ஒரு பார் சேர்த்தால், பாரத்தின் பங்கு பின்னுக்குப் போகிறது; முன் உட்சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொள்கிறது; வளைவை விட்டு வெளியேறுகையில் வெறுமனே சுழன்று வீணாவதும் குறைகிறது.

1976இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. இந்த வித்தையின் சிகரம். வேகமாகத் திருப்பினால் பின் உட்சக்கரம் அந்தரத்தில் எழும்பும். மூன்று காலில் ஓடும். இடது வளைவென்றால் இடது கால் தூக்கித் தில்லைக் கூத்தன்; வலது வளைவென்றால் மதுரை வெள்ளியம்பலம். பார்க்கிறவர்களுக்குப் பதறும், ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கால் தரையை விட்ட பிறகு பின் அச்சிடம் மாற்றிக்கொடுக்க மேலும் பாரமில்லை. மிச்சத்தை முன் அச்சு வாங்கிக்கொள்ளும்.

என் ஆர்வக்கோளாறையும் சொல்லிவிட வேண்டும். என் ஹேட்ச்பேக்கின் பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டார்ஷன் பீமோடு சேர்த்து இறுக்கும் பார் ஒன்று, 24 மில்லிமீட்டரில் கிடைத்தது. பீமே முறுகும்போது பாரின் வேலையில் பாதியைச் செய்கிறது என்பதை மறந்து, தடித்தால் நல்லது என்று மாட்டினேன். காய்ந்த சாலையில் சொர்க்கம். முதல் மழைக்கு, ஒரு சாதாரண இறக்க வளைவில் காலை எடுத்த மாத்திரத்தில் வால் கிளம்பியது. பாதிச் சாலையைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றேன். எதிரே எதுவும் வராதது என் நல்ல நேரம். புது டயர் இரண்டையும் முன்னால் போட்டு, வழுக்கையானதைப் பின்னுக்குத் தள்ளியிருந்தேன். நம்மில் பலர் செய்வதுதான். அந்த மாதமே பார் 20க்கு இறங்கியது. நான்கு மில்லி குறைந்ததும் பாரின் விறைப்பு பாதிக்கும் கீழே வந்தது. புது டயரும் பின்னுக்குப் போனது.

இறங்கியதில் நஷ்டமில்லை. நல்ல பாரின் ருசி சாய்வின் அளவில் இல்லை, அதன் தாமதத்தில் இருக்கிறது. தளர்ந்த காரில் மூன்று அசைவு: ஸ்டியரிங்கைத் திருப்புகிறீர்கள், உடல் சாய்கிறது, சாய்ந்து முடித்தபின் கார் திரும்புகிறது. சரியான பார் இந்த மூன்றையும் ஒன்றாக்கும். மிருதங்கத்தில் கை விழும் இடமும் நாதம் எழும் இடமும் ஒன்றாக இருப்பதுபோல.

சாய்வே பாவம் என்கிற கட்சியில் நான் இல்லை. சிட்ரோயன் 2சிவி கப்பல்போலச் சாயும். பார் என்ற பேச்சே அதில் கிடையாது. ஆனாலும் ஒல்லி டயர்களோடு சாலையைக் கவ்விக்கொண்டு போகும். லோட்டஸ் எலிஸுக்கு முன்னால் மட்டும்தான் பார், பின்னால் இல்லை. நல்ல ஸ்பிரிங்கும் தாழ்ந்த உடலும் இருந்தால் பாருக்கு வேலை குறைவு. தடித்த பாருக்கு நீங்கள் கொடுக்கும் விலையும் உண்டு. இடது சக்கரம் தார் ஓரத்துக் குழியில் விழுந்தால் அதை வலது சக்கரத்துக்கும் சொல்லிவிடும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் தலை ஆடும். மேட்டுப்பாளையம்–கோத்தகிரிச் சாலை தாங்கும் விறைப்பை நம் தெருக்கள் தாங்காது. ஜீப் ரேங்ளர் ரூபிகானில் பாறைமேட்டுக்குப் போகும்போது முன் பாரைப் பட்டனால் துண்டிக்க வைத்திருப்பது இரு சக்கரங்களுக்கும் இடையிலான இந்தப் பிணைப்பை அவிழ்க்கத்தான். பெரிய சொகுசுக் கார்களில் மின்மோட்டாரே பாரை முறுக்கிச் சாய்வை அழிக்கிறது. திறமைதான், மறுக்கவில்லை. எனக்கு அதில் முறுக்கு ருசிக்கவில்லை.

மாட்டுவதிலும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டுப் போகிறவர் பாரை அறியாதவர். கார் நான்கு காலிலும் தரையில் நிற்க வேண்டும். பந்தயக்காரர்கள் ஓட்டுநரையும் உள்ளே உட்காரவைப்பார்கள். நீளம் மாற்றக்கூடிய லிங்க் ராடு இருந்தால், கடைசி போல்ட் சுத்தியல் இல்லாமல் விரலால் தள்ளினாலே உள்ளே போகும்வரை திருத்துவார்கள். அடித்து ஏற்றினால், கார் நிற்கும்போதே பார் ஒரு பக்கம் முறுகியிருக்கும். அப்புறம் இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் ஒரு குணம். பாலியூரித்தேன் புஷ் போட்டால் சிலிகான் கிரீஸ் தடவாமல் மூடாதீர்கள். பழைய கட்டில்போல முனகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே பார் வாங்கக் கிளம்பினால், முதலில் இருக்கிற பாரின் புஷ்ஷையும் லிங்க் ராடையும் பாருங்கள். மெதுவாகப் போகும்போது முன்னால் ‘கடக் கடக்’ என்று கேட்டால், உங்கள் பார் பாதி வேலைதான் செய்கிறது. சில நூறு ரூபாயில் புது புஷ் போட்டதுமே பலருக்குப் பார் ஆசை தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் ஒரு படி மட்டும் ஏறுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள்.

என் 24 மில்லி பார் வீட்டுப் பரணில் தூங்குகிறது. யாராவது கேட்டு வந்தால் கொடுத்துவிடுவேன். பின் டயரைக் குனிந்து பார்த்த பிறகு.