மாசின்மைச் சத்தியம்: விவிலிய வேண்டுதல்கள் குறித்து ஒரு நோக்கு

தமிழும் தெலுங்கும் கன்னடமும் தக்கனி உருதுவும் கலந்து வழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரி எல்லைப் பகுதியில் வாழும் நமக்கு அண்டை வீட்டாரின் வேதப் பாடல்கள் அந்நியமானவை அல்ல. எலத்தகிரி போன்ற கிறித்தவ ஊர்களிலும், சிப்காட் வளாகம் வந்தபின் பெருகிய தொழிலாளர் குடியிருப்புகளிலும் சங்கீதங்கள் ஓதப்படுகின்றன. அவற்றுள் 7, 17, 26 ஆம் சங்கீதங்கள் தனி வகையைச் சார்ந்தவை. பாடுபவர் இவற்றில் பாவமன்னிப்புக் கோரவில்லை. தாம் குற்றமற்றவர் என இறைவன் முன் உறுதி கூறித் தீர்ப்பு வேண்டுகிறார். யோபு நூலின் 31 ஆம் அதிகாரம் இவ்வகையின் சிகரமாகும்.

முஸ்லிம் வாசகருக்கு இங்கே ஒரு தயக்கம் எழுவது இயல்பே. தம்மைத் தாமே தூயவரெனப் பாராட்டிக்கொள்வதைத் திருக்குர்ஆன் (53:32) தடுக்கிறது. யூனுஸ் நபி (அலை) அவர்களின் வேண்டுதலோ (21:87) தம் தவற்றை ஒப்புக்கொள்வதாக அமைந்துள்ளது. இம்மரபில் பழகிய செவிக்கு அச்சங்கீதங்கள் தற்புகழ்ச்சியாக ஒலிக்கக்கூடும். இன்றுள்ள சங்கீத நூலை, தாவூத் நபி (அலை) அவர்களுக்கு அருளப்பெற்ற ஸபூர் வேதமாகவே நாம் கொள்வதில்லை. ஆயினும் ஒரு வேண்டுதல் இலக்கியத்தை அதன் இயல்பறியாது ஒதுக்குவது ஆய்வு நெறியாகாது.

இத்தயக்கத்தில் ஒரு பங்கு மொழிபெயர்ப்பால் விளைந்தது. பழைய தமிழ் வேதாகமம் 26 ஆம் சங்கீதத்தின் தொடக்கத்தில் 'உத்தமம்' என்னும் சொல்லை ஆள்கிறது. தமிழில் உத்தமம் என்பது மத்திமத்திற்கும் அதமத்திற்கும் மேலான நிலை. பேச்சு வழக்கில் 'பெரிய உத்தமன்' என்பது ஏளனச் சொல்லாகவே ஆகிவிட்டது. எபிரேய மூலத்திலுள்ள 'தோம்' என்பதோ முழுமை, பிளவின்மை எனப் பொருள்படும். அரபியின் 'தமாம்' அதனோடு ஒரே வேரினது; தக்கனி பேசுவோர் நாவில் நாள்தோறும் புழங்குவது. அதே சங்கீதத்தில் கை கழுவுதலோடு இணைந்து வரும் 'நிக்காயோன்' என்பதும் அரபியின் 'நகீ' என்பதற்கு உறவுடையது, கறையின்மையைக் குறிப்பது. ஆகவே, பாடுபவர் பிறரினும் தாம் மேலானவர் என்று கூறவில்லை. தம் சொல்லும் செயலும் பிளவுபடவில்லை, சாட்டப்பட்ட கறை தம் கையில் இல்லை என்றே கூறுகிறார்.

இவ்வேண்டுதல்களின் சூழலும் கருதத்தக்கது. ஒருவன்மீது குற்றம் சாட்டப்பட்டு அவன் ஆலயப் பலிபீடத்தின் முன் ஆணையிட வருங்கால், இறைவனே நீதி வழங்க வேண்டும் என்று சுலைமான் (அலை) அவர்கள் வேண்டியதாக முதலாம் இராஜாக்கள் நூல் (8:31-32) கூறுகிறது. இத்தகைய சங்கீதங்களைக் குற்றம் சாட்டப்பட்டோரின் வேண்டுதல்கள் என ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஷ்மிட் 1928 ஆம் ஆண்டு தம் நூலில் விளக்கினார். 7 ஆம் சங்கீதத்தில் பாடுபவர், தாம் அக்குற்றம் புரிந்திருப்பின் பகைவன் தம் உயிரை மிதித்தழிக்கட்டும் எனத் தம்மையே சபித்துக்கொள்கிறார். இஸ்லாமியச் சட்டம் அறிந்த 'லிஆன்' (24:6-9) இங்கு ஒப்பிடத்தக்கது. சாட்சியற்ற நிலையில் கணவனும் மனைவியும் நான்கு முறை ஆணையிட்டு, ஐந்தாவதாக, தாம் பொய்யுரைத்திருப்பின் இறைவனின் சாபமோ கோபமோ தம்மீது இறங்கட்டும் என்பர். இரண்டிலும் பேசப்படுவது ஒரு குறிப்பிட்ட குற்றச்சாட்டிலிருந்து விடுபடும் 'பராஅத்' மட்டுமே. தன்னைத் தூயவனாக்கிக்கொள்ளும் 'தஸ்கியத்' அன்று. 143 ஆம் சங்கீதம், உயிருள்ளோர் எவரும் இறைவன் முன் நீதிமானாக நிற்க இயலாது என ஏற்கிறது. அந்நூலும் இவ்வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது.

யோபின் சத்தியம் மேலும் ஒரு படி செல்கிறது. திருக்குர்ஆனில் அய்யூப் நபி (அலை) அவர்கள் தம் குற்றமின்மையை வாதிடவில்லை. துன்பம் தம்மைத் தீண்டியதை மட்டும் கூறி இறையருளை நாடுகிறார்கள் (21:83). விவிலியத்தின் யோபோ நீண்டதொரு வழக்குரைக்கிறார். ஆனால் அவ்வழக்கில் ஆணையிடுபவர் வேலையாட்களும் நிலமும் உடையவர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும். பணியாளரின் முறையீட்டைப் புறக்கணித்ததில்லை, அவர்களையும் தம்மையும் படைத்தவன் ஒருவனே என்கிறார் (31:13-15). நிலத்தின் விளைச்சலை உரிய விலை தராமல் உண்டிருந்தால் கோதுமைக்கு மாறாக முள் முளைக்கட்டும் என முடிக்கிறார் (31:38-40). உழைப்பை முழுமையாகப் பெற்றுக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் உள்ளது. இரண்டும் கேள்வியை வலியவரிடமே திருப்புகின்றன.

நம் வட்டாரத்தில் நடப்பது இதன் தலைகீழ். தொழிற்கூடத்தில் ஒரு பொருள் காணாமற்போனால் முதலில் ஐயத்திற்குள்ளாவோர் ஒப்பந்தத் தொழிலாளரும் வடமாநிலத்தவருமே. கற்பூரம் அணைத்தோ குர்ஆன்மீது கைவைத்தோ சத்தியம் செய்யுமாறு பணிக்கப்படுவோரும் பெரும்பாலும் எளியவர்களே. எல்லைக்கு அப்பால், 2011 ஜூனில், கர்நாடக முதலமைச்சராயிருந்த எடியூரப்பாவும் முன்னாள் முதலமைச்சர் குமாரசாமியும் தர்மஸ்தலா மஞ்சுநாதர் முன் சத்தியம் செய்வது பற்றி அறைகூவல் விடுத்து, இறுதியில் வழிபட்டு மட்டும் திரும்பினர். அவர்களால் சத்தியம் செய்யாமல் திரும்ப முடிந்தது. ஏழைத் தொழிலாளி மறுத்தால் மறுப்பே குற்றச் சான்றாகிவிடுகிறது.

யூஸுஃப் நபி (அலை) அவர்கள் விடுதலை தேடி வந்தபோதும், வழக்கை முதலில் விசாரிக்குமாறு கோரிச் சிறையிலேயே தங்கினார்கள் (12:50). 26 ஆம் சங்கீதம் பாடியவரும் தம்மைச் சோதித்தறியுமாறே இறைவனை வேண்டுகிறார். சான்று காட்டுவது வாதியின் கடமை, ஆணை மறுப்பவருக்குரியது என்பது நபிவழி. அந்த வரிசையில் சான்று முன்னது, ஆணை பின்னது. விசாரணையைத் தவிர்ப்பதற்காகக் கேட்கப்படும் சத்தியம் இறைவன் பெயரால் இழைக்கப்படும் அநீதியாகும். நம் ஜமாஅத்துகளும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். யோபின் 31 ஆம் அதிகாரத்தைத் தொழில் நடத்துவோர் எச்சமயத்தவராயினும் ஒருமுறை படித்து, அக்கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்வது நன்று.