பாட்டிக்கும் பேத்திக்கும் நடுவில்

அமெரிக்காவில் எழுதும் லத்தீனா பெண்களின் தலைமுறை நாவல்களை அடுத்தடுத்துப் படித்தால் ஒன்று கண்ணில் படும். பாட்டி நினைவுகளைச் சேர்த்துவைப்பாள். பேத்தி அவற்றை எழுதுவாள். இருவருக்கும் நடுவில் தாய் வேலைக்கு ஓடிக்கொண்டும் மகளோடு மல்லுக்கட்டிக்கொண்டும் இருப்பாள். கதை அவளைத் தாண்டிப் போய்விடும். இந்த நாவல்களை எடைபோட நான் பார்ப்பது அந்தத் தாயைத்தான்.

பாதை போட்டுக் கொடுத்தது ஒரு சிலி நாவல். 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பின் வெனிசுவேலாவில் தஞ்சம் புகுந்த இசபெல் அயேந்தே, சாகக் கிடந்த தாத்தாவுக்கு 1981 ஜனவரி 8 அன்று கடிதம் எழுத உட்கார்ந்தார். அது வளர்ந்து, 1982இல் ‘தி ஹவுஸ் ஆஃப் த ஸ்பிரிட்ஸ்’ நாவலாக ஸ்பானிய மொழியில் வெளிவந்தது. பாட்டி கிளாராவின் குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு பேத்தி ஆல்பா குடும்பக் கதையைத் தொகுக்கிறாள். நடுவில் உள்ள பிளான்காவுக்குக் காதல் உண்டு, களிமண் பொம்மைகள் உண்டு. கதை சொல்லும் உரிமை மட்டும் இல்லை. கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸின் சாயல் என்று விமர்சகர்கள் அப்போது அலுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்தக் குறைதான் பெரிதாகப் படுகிறது.

ஹூலியா ஆல்வரெஸின் ‘ஹவ் த கார்சியா கேர்ல்ஸ் லாஸ்ட் தெய்ர் ஆக்சென்ட்ஸ்’ (1991) காலத்தில் பின்னோக்கி நடந்து, சர்வாதிகாரி ட்ருஹியோவின் ஆட்சிக் கால டொமினிக்கன் குடியரசில் போய் முடிகிறது. நல்ல நாவல், ஆனால் தலைமுறைகளைவிட சகோதரிகளே அதன் அக்கறை.

கிறிஸ்டினா கார்சியாவின் ‘டிரீமிங் இன் கியூபன்’ (1992) வேறு தரம். கியூபக் கடற்கரையில் பைனாகுலரோடு புரட்சிக்குக் காவல் இருக்கும் செலியா, தன்னைவிட்டுப் போன ஸ்பானியக் காதலனுக்கு 1959 வரை கடிதம் எழுதிவருகிறாள், ஆனால் அனுப்புவதில்லை. பேத்தி பிலார் பிறந்ததும் எழுதுவதை நிறுத்திவிடுகிறாள். மகள் லூர்தெஸ் புருக்ளினில் பேக்கரி நடத்துகிறாள். காஸ்ட்ரோவின் பெயரைக் கேட்டாலே கொதிப்பவள். பிலாரின் கண்ணுக்கு அவள் கேலிக்குரிய அம்மா. ஆனால் புரட்சிப் படைவீரன் ஒருவன் அவளை வன்புணர்ந்தது வாசகருக்குத் தெரியும், பிலாருக்குத் தெரியாது. கடைசிவரை தாய் சொல்வதில்லை. மகள் கிண்டல் செய்யும் அரசியலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நமக்கு மட்டும் புரிகிறது. அந்த இடைவெளியை நிரப்பாமல் விட்டதே கார்சியாவின் சாமர்த்தியம்.

சாண்ட்ரா சிஸ்னெரோஸின் ‘காரமெலோ’ (2002) வேறு வழியில் போகிறது. சிகாகோவுக்கும் மெக்சிகோ நகரத்துக்கும் இடையே அலையும் ரேயெஸ் குடும்பத்தின் கதையைப் பேத்தி செலாயா சொல்கிறாள். செத்துப்போன பாட்டி குறுக்கே வந்து, அப்படி நடக்கவில்லை, ஏன் பொய் சொல்கிறாய் என்று சண்டைக்கு நிற்கிறாள். மருமகளைக் கடைசிவரை மட்டம் தட்டிய இந்தப் பாட்டி தெய்வம் ஆக்கப்படவில்லை. ஆனால் அவளும் தாயில்லாப் பிள்ளை. அம்மா முடிச்சிட்டு முடிக்காமல் விட்டுச் சென்ற ரெபோசோ சால்வை ஒன்றே அவளுக்கு மிஞ்சியது. அடிக்குறிப்புகள் சில இடங்களில் அயர்ச்சி தருகின்றன. பாட்டியின் வாய்க்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

டால்மா யானோஸ்-ஃபிகெரோவாவின் ‘டாட்டர்ஸ் ஆஃப் த ஸ்டோன்’ (2009), போர்ட்டோ ரீக்கோவின் கரும்புத் தோட்டத்து அடிமைப் பெண்ணில் தொடங்கி ஐந்து தலைமுறை வருகிறது. ஒவ்வொருத்திக்கும் தனிப் பகுதி உண்டு என்பதால் தாய்மார்கள் தப்பித்தார்கள். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

காப்ரியேலா கார்சியாவின் ‘ஆஃப் விமன் அண்ட் சால்ட்’ (2021), 1866இல் கமகுவேயின் சுருட்டுத் தொழிற்சாலையில் தொடங்குகிறது. சுருட்டுச் சுற்றும் தொழிலாளர்களுக்கு ஒருவர் விக்டர் ஹியூகோவை உரக்க வாசித்துக் காட்டுவார். அங்கிருந்து மயாமிக்குத் தாவி, குடியேற்றத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்ட எல் சால்வடோர் தாயையும் மகளையும் கதைக்குள் கொண்டுவருகிறது. கியூபர்களுக்கு நெடுங்காலம் கிடைத்த குடியேற்றச் சலுகை அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதைப் புத்தகம் உறுத்தும்படி காட்டுகிறது. இத்தனை காலத்தையும் இத்தனை பெண்களையும் சிறிய நாவலுக்குள் அடைத்ததில் சில அத்தியாயங்கள் மூச்சு முட்டுகின்றன.

ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் ‘டிரீமிங் இன் கியூபன்’ படியுங்கள். பிலார் சிரிக்கும் இடங்களில் லூர்தெஸைக் கவனியுங்கள்.