மறுமொழி தரும் தந்தி

பியானோ முன்நிற்க, ஏனைய இரு கருவிகளும் பக்கத்துணையாய் ஒலிப்பதே ஜாஸ் மூவர் குழுக்களில் பெரும்பாலும் நிலவிய வழக்கம். பில் எவன்ஸ் குழுவினர் 1959 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவுசெய்த ‘போர்ட்ரெயிட் இன் ஜாஸ்’ இசைத்தட்டு அவ்வழக்கைத் தளர்த்தியது. பாடல்களுள் பெரும்பாலானவை பலரும் வாசித்துப் பழகியவையே. ஆயினும், இலையுதிர்காலப் பாடலான ‘ஆட்டம் லீவ்ஸ்’ஸில் ஸ்காட் லஃபாரோவின் டபுள் பாஸ் தாளம் காட்டுவதோடு அமையாமல் பியானோவுக்கு மறுமொழி தருகிறது, பால் மோஷனின் டிரம்ஸ் இரண்டுக்கும் இடம்விட்டு ஒலிக்கிறது. பியானோ அடங்கிச் செவிமடுக்கும் இடங்களிலேயே பாடல் நிறைவுபெறுகிறது என்போம். குறையும் உண்டு: எல்லாப் பாடல்களிலும் இவ்வுரையாடல் இல்லை, சிலவற்றில் பியானோவே பேசி முடிக்கிறது.

மூவொரு இறைவனுக்கு இதனை உவமையாக்க நாம் துணியோம். ஆனால், ஒருவர் பேச மற்றவர் தலையசைக்கும் பங்குப் பேரவைக் கூட்டங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. குருவாகிய நாமும் அக்குறைக்கு உடந்தையே.

1961 சூலையில் லஃபாரோ கார் விபத்தில் உயிரிழந்தார், வயது 25. எவன்ஸ் சில மாதங்கள் மேடையேறவில்லை. மறுமொழி தந்த குரலின் அருமை, அது ஓய்ந்த பின்னரா நமக்குப் புலப்பட வேண்டும்? இன்றே செவிகொடுப்போம்.