தோழி சொன்ன பூக்கள்

கபிலர் குறிஞ்சிப்பாட்டை ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடினார் என்கிறது மரபு. அதில் பேசுகிறவள் தோழி. தினைப்புனம் காத்ததையும் அருவியாடிப் பூப்பறித்ததையும் செவிலியிடம் சொல்கிறாள். அரசனுக்கே பாடமானது ஒரு மலைநாட்டுப் பெண்ணின் பேச்சு. நாமோ அவள் சொன்ன 99 பூக்களைத் தேர்வுக்கான மனப்பாடமாக்கிவிட்டோம்.

இன்றைய மலைப்பெண்ணின் குரலை எப்படிக் கேட்கிறோம்? இருளர் மொழியில் பாடிய அட்டப்பாடி நஞ்சியம்மாவுக்கு 2022இல் தேசியத் திரைப்பட விருது அறிவிக்கப்பட்டதும், முறையாக இசை பயிலாதவருக்கா என்றார்கள் சிலர். ஏட்டில் இல்லாதது கல்வியே அல்ல என்று நம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடம்தான். பழங்குடிப் பண்பாட்டை அங்கே கொண்டுபோகிறோம் என்பவர்களும் பெரும்பாலும் ஆண்டுவிழா நடனத்தோடு நின்றுவிடுகிறார்கள். காடறிந்த பாட்டி வகுப்பெடுக்க வருவதில்லை.

நானும் விலக்கல்ல. மலைக்கிராமத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தியை அந்தப் பூப்பெயர்களை ஒப்பிக்கச் சொன்னேன். திக்கினாள், உட்காரச் சொல்லிவிட்டேன். இவற்றில் எதையெல்லாம் நீ பறித்திருக்கிறாய், உங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. 12 ஆண்டுப் பள்ளிப் படிப்பில் அவளிடம் யாருமே கேட்டிராத கேள்வியாக அது இருந்திருக்கும்.