முக்கால் அங்குலமும் இருபது மில்லியும்

பிரிட்டனில் 1970-க்கு முன்னால் கட்டிய ஒரு பள்ளிக்கூடத்திலோ தொழிற்சாலையிலோ கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். கறுப்பு எனாமல் பூசிய இரும்புக் குழாய்கள் சுவரோடு சுவராக ஓடும். மின்கம்பிகளைச் சுமக்கும் கண்டூயிட் பைப் அது. நல்ல கைக்காரர் செய்த வேலையென்றால் வளைவில் நசுங்கல் இருக்காது. இரண்டு குழாய்கள் சேர்ந்து திரும்பும் இடத்திலும் இடைவெளி மாறாது. இதை யாரும் ரசிக்கலாம். ஆனால் அந்தப் பழைய குழாயோடு இன்றைய குழாயைச் சேர்த்த இடம் எங்கே என்று தேடிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை.

பழையவை அங்குலக் கணக்கு. 1970-இல் வந்த பி.எஸ். 4568 தரநிலை அவற்றை மில்லிமீட்டருக்கு மாற்றியது. அரையே அரைக்கால் அங்குலம் இருந்த இடத்துக்கு 16 மி.மீ., முக்காலுக்கு 20, ஒன்றுக்கு 25, ஒன்றேகாலுக்கு 32. நம் ஊர்க் கடையில் இன்றும் ‘முக்கால் இஞ்ச் பைப்’ என்று கேட்டால் 20 மி.மீ. பிவிசியை எடுத்துக் கொடுப்பார்கள், வேலையும் நடந்துவிடும். மரை போட்ட இரும்பில் அந்தச் சலுகை கிடையாது.

முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ. அதை 20 மி.மீ. கப்ளரில், அதாவது உள்மரை போட்ட இணைப்புக் குழலில், வைத்துத் திருகினால் ஏறும், ஆனால் லொடலொடவென்று ஆடும். ஒரு அங்குலம் என்பது 25.4, அது 25 மி.மீ. கப்ளருக்குள் நுழையவே நுழையாது. இந்த இரண்டும் நேர்மையானவை, முகத்துக்கு நேரே சொல்லிவிடும். ஏமாற்றுவது ஒன்றேகால்தான். 31.75-க்கும் 32-க்கும் கால் மில்லிதான் வித்தியாசம். முதல் சில சுற்று சுகமாக ஏறும். ஆனால் பழைய மரை அங்குலத்துக்கு 16, அதாவது ஒரு சுற்றுக்கு 1.5875 மி.மீ.; புதியது சரியாக 1.5. எட்டுச் சுற்றுக்குள் 0.7 மி.மீ. தள்ளிப்போய்விடும். மரையின் கோணமும் வேறு: பழையதில் 55 டிகிரி, புதியதில் 60. அதற்குமேல் ஸ்பேனரால் வம்படியாக முறுக்கினால் இறுகியதுபோலத் தோன்றும். உள்ளே மரை நசுங்கியிருக்கும்.

நசுங்கினால் என்ன என்று கேட்கலாம். இந்த முறையில் பல இடங்களில் குழாய்தான் எர்த். தனியாகப் பச்சை–மஞ்சள் கம்பி கிடையாது. எங்கோ ஒரு விளக்கின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அது இந்த மூட்டுகள் வழியாகத் தடையில்லாமல் ஓடினால்தான் ஃபியூஸ் போகும். ஒரு மூட்டு தளர்ந்தால், அதற்கு அப்பால் இருக்கும் குழாய் முழுவதும் தொட்டவருக்கு ஷாக் அடிக்கக் காத்திருக்கும்.

பழகிய கை இரண்டு மரைகளையும் சந்திக்கவே விடாது. நடுவில் ஒரு இரும்புப் பெட்டி. அதில் 20 மி.மீ. குழாய்க்கான சாதாரணத் துளை, மரை இல்லாதது. பழைய குழாயின் முனையில் பழைய அங்குலக் கப்ளரை ஏற்றி, அதன் முகத்தைப் பெட்டியின் வெளிச்சுவரில் பொருத்த வேண்டும். பெட்டிக்குள்ளிருந்து அங்குல மரை போட்ட பித்தளை புஷ்ஷைத் துளை வழியாக விட்டுக் கப்ளருக்குள் திருக வேண்டும். 19.05 மி.மீ. புஷ் அந்தத் துளையில் தாராளமாக நுழையும். அதன் அகன்ற தலை உள்ளே நின்றுகொள்ளும். முறுக்க முறுக்க, கப்ளரும் புஷ்ஷும் பெட்டிச் சுவரை இரு பக்கமும் கவ்வும். எதிர்ப்பக்கத்தில் மெட்ரிக் கப்ளர், மெட்ரிக் புஷ். இரு வீட்டாரும் அவரவர் வழக்கத்தை விடாமல் ஒரே பந்தியில் உட்கார்வதுபோல. முறுக்குவதற்கு முன் கவ்வும் இடத்திலிருக்கும் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பைப் பளிச்சென்று காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். வேலைக்காரரின் தரம் அங்கே தெரியும்.

ஒரு அங்குலக் குழாய்க்கு இன்னொரு வழி உண்டு. பழைய மரையை அறுத்துத் தள்ளிவிட்டு, புது முனையில் 25 மி.மீ. டையால் மரை போடலாம், 0.4 மி.மீ. கூடுதலாக இருப்பதை டை வெட்டிக்கொள்ளும். முக்காலுக்கு இது நடக்காது, வெட்டச் சதையில்லை.

பெட்டி மூடியின் திருகாணிகளிலும் ஒரு குறும்பு இருக்கிறது. பழைய வட்டப்பெட்டி மூடியின் துளைகளுக்கு இடையே இரண்டு அங்குலம். புதியதிலும் அதே அளவுதான். மூடி அழகாகப் பொருந்தும். ஆனால் அன்று 2 பி.ஏ. திருகாணி, இன்று எம் 4. புதியதைப் பழைய துளையில் விட்டால் பிடிக்காமல் உள்ளே சரியும்.

முடித்தபின் மீட்டரை வைத்து மூட்டின் இரு பக்கமும் தடையை அளக்காதவரின் வேலையை நான் ரசிக்க மாட்டேன், எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும். ஒரு முனையில் அங்குலமும் மறுமுனையில் மெட்ரிக்குமாக மரை போட்ட பித்தளை அடாப்டர்கள் பிரிட்டன் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன; குறுகலான மூலைக்கு அவை சரி. இடம் இருந்தால் என் ஓட்டு பெட்டிக்கே.