உடைந்த ஓடு உரைப்பது

பண்டை மக்கள் வாழ்ந்த இடத்தை அறிய விழைவோர், மட்கல ஓடுகள் மிகுதியாகக் கிடக்கும் இடத்தையே முதற்கண் நாடுவர். ஓடு மலிந்த இடமே வீடு நின்ற இடம் என்று கொள்வது எளிது. அம்முடிபு பொருந்துமா என்பதை, அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வைக் கொண்டு மதிப்பிடலாம்.

லூயிஸ் பின்போர்டும் அவர்தம் குழுவினரும் 'ஹேச்சரி வெஸ்ட்' என்னும் இடத்தை ஆராய்ந்து, 1970இல் அறிக்கை வெளியிட்டனர். அது பலகாலும் ஏர் பட்ட நிலம். அந்நிலத்தை 6 மீட்டர் சதுரங்களாகப் பகுத்து, மேலே கிடந்த பொருள்களைச் சதுரவாரியாகத் திரட்டினர். பின்னர் உழுமண்ணை அகற்றி அடிநிலத்தை நோக்கினர். வீடுகளின் தடயங்கள் ஓடுகள் அருகிய பகுதிகளிலேயே காணப்பட்டன. ஓடுகள் செறிந்த பகுதிகளோ குப்பை சேர்ந்த இடங்கள்.

இதன் காரணம் வியப்புக்குரியதன்று. மனிதர் தாம் புழங்கும் இடத்தைப் பெருக்கித் துப்புரவு செய்வர். உடைந்தவற்றை அப்பால் கொண்டுபோய்க் கொட்டுவர். புழங்கிய இடத்திலேயே கழிக்கப்பட்ட பொருளையும், வேறிடம் கொண்டுசென்று கழிக்கப்பட்ட பொருளையும் மைக்கேல் ஷிபர் 1972இல் வேறு பிரித்துக் காட்டினார். பெருக்குங்கால் பெரிய துண்டுகள் அகலும். நுண்ணிய சில்லுகள் தரையில் மிதிபட்டுத் தங்கும். ஆதலின் ஓடுகளின் எண்ணிக்கையோடு அவற்றின் அளவையும் நோக்குதல் வேண்டும்.

எனினும், ஹேச்சரி வெஸ்ட் முடிவை எல்லா நிலங்களுக்கும் பொதுவிதியாக்குதல் தகாது. அங்கும் ஓர் ஊரின் வழக்கமே வெளிப்பட்டது. மேலும், கொழு ஓடுகளைப் பின்னும் உடைக்கிறது, இடம் பெயர்க்கிறது. இத்தாலியின் கலாப்ரியாப் பகுதியில் ஆல்பர்ட் அமர்மன் உழுநிலத்தில் ஓட்டுத் துண்டுகளை இட்டுச் சோதித்து, 1985இல் முடிவுகளை வெளியிட்டார். உழுத பின் மேலே தென்பட்டவை இட்டவற்றுள் ஒரு சிறு பங்கே. மேற்பரப்பு முழுமையான ஏடன்று என்பது இதனாற் பெறப்படும்.

பின்போர்டு குழுவினரின் பெருமை, மேலே கண்டதைக் கீழே தோண்டிச் சரிபார்த்த முறையில்தான் உள்ளது. அம்முறையைக் கைவிட்டு முடிவை மட்டும் கடன்பெறுவோர், பழைய பிழைக்கு மாற்றாகப் புதியதொரு பிழையையே நாட்டுவர். உழவு பட்ட நிலம் பயனற்றது என ஒதுக்குவதும், அதன் மேற்பரப்பை அப்படியே நம்புவதும் ஒத்த குற்றங்களே. ஓடு கிடக்கும் இடம் கண்டவுடன், "இங்கு யார் வாழ்ந்தார்?" என்று வினவுமுன், "இஃது இங்கு எவ்வாறு வந்தது?" என்று வினவக் கற்பதே ஆராய்ச்சியின் தொடக்கமாகும்.